முடியாத வெள்ளிக்கிழமை

சீ! அந்த மீன் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான், மீன் வாடைக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஆனால் நிழல் சபையின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைக்கென்று வேகவைத்த மீனை, அந்த வெள்ளிக்கிழமை முடியாமலே நாள் நாளாகத் தின்று தீர்த்தார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லா நாடுகளும் சேர்ந்து பூமிக்கு ஒரு குடை பிடித்தன. விமானங்கள் மேகத்துக்கும் மேலே போய் மாவு மாதிரி ஒரு தூளைத் தூவும். வெயிலில் ஒரு பங்கு அந்தத் தூளில் பட்டுத் தெறித்து வந்த வழியே போய்விடும். தூள் சில நாளில் கீழே இறங்கிவிடுவதால் திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். எந்த ஊரில் சூடு கொல்கிறதோ அந்த ஊருக்கு மேலே இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூவ வேண்டும். "குடை இருக்கும்போதே நாங்கள் புகையைக் குறைத்துக்கொள்கிறோம்" என்று அத்தனை நாடும் அடித்துச் சத்தியம் செய்தன. குடை வந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? அதான் நிழல் இருக்கிறதே என்று முன்பைவிட அதிகமாகப் புகை விட்டார்கள். குடிகாரனுக்கு மோர் கொடுத்தால், மோர் இருக்கும் தைரியத்தில் இன்னொரு குப்பி வாங்குவான் இல்லையா, அந்தக் கதைதான்.

குடையை யார் பிடிப்பது என்பதில் ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லை. அதனால் ஒரு இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அதற்கு நடுவர் என்று பேர். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் அது கேட்காது. சரி, அந்த நடுவர் எந்த நாட்டு நேரத்தைப் பார்த்து விமானத்தை அனுப்புவது? அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் அந்த நாடுகள் கூடுகிற நிழல் சபையின் பெரிய மண்டபத்தில் ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டி, கிழமையும் தேதியும் காட்டுகிற கடிகாரம் அது, அதற்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். அந்தக் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் ஒப்பந்தத்துக்கு நேரம், நடுவருக்கும் நேரம். ஒற்றைப் பேட்டரி செல்லில் ஓடுகிற, நம் வீட்டு அடுக்களையில் மாட்டுகிற மாதிரிக் கடிகாரம். உலகத்தின் நிழல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அந்தச் சபையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பேர் பெனிட்டா. ஏரிக்கரையில் இருக்கிற ஒரு குளிர்ந்த ஊரில், மண்டபத்து மூலையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசுவேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்கக் கூடாது. பொய் சொல்கிறவனுக்காக நான் பொய் சொல்லியிருக்கிறேன், அழுகிறவளுக்காக அழாமல் அழுதிருக்கிறேன். என்னுடைய "நான்" மட்டும் அந்தக் கூண்டுக்குள் வந்ததே இல்லை.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. நம் கரையில் வெப்பம் எல்லை மீறும் நாளில் நடுவர் எல்லார் கைபேசிக்கும் எச்சரிக்கை அனுப்பும். அந்தத் தமிழ்க் குரல் என்னுடையது. "நான் உங்கள் குடை பேசுகிறேன்" என்று ஆரம்பிக்கும். அந்த எச்சரிக்கை வந்துவிட்டால் வெளிவேலை எதுவும் நடக்கக் கூடாது என்பது சட்டம். வராத நாளில் நடக்கலாம்.

என் அக்கா மிக்கேலம்மாள் உப்பளத்தில் வேலை செய்தாள். அவள் வாரிய உப்பில் நான் காலேஜ் போனேன். அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, "போட்டி, பெரிய தியாகத்தக் கண்டுட்டா" என்பாள். என் குரலைப் பற்றிப் பேசுவதுதான் அவளுக்குப் பிடிக்கும்.

"ஏட்டி பெனிட்டா, ஒன் கொரலு வந்தாதான் கங்காணி எங்கள வீட்டுக்கு விடுதான்," என்று சிரிப்பாள். "அளத்துல அத்தன பொம்பளைங்களும் பலகையக் கீழ போட்டுட்டு, 'ஒன் தங்கச்சி கூப்பிட்டுட்டாடி, வா'ன்னு கெளம்பிருவோம். ஆனா ஒன்ன அமுக்குத வரைக்கும் விட மாட்டேங்கியே நீ. 'கேட்டுவிட்டால் ஒன்றை அழுத்துங்கள், கேட்டுவிட்டால் ஒன்றை அழுத்துங்கள்'னு திரும்பத் திரும்ப உயிர எடுக்க. சின்னப் புள்ளையில இருந்தே நச்சரிப்பு."

ஒப்பந்தம் பத்து வருஷத்துக்குத்தான். அந்த மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நடுவர் தன் கடையைக் கட்டிவிடும், உலகத்துக்கே குடை கிடையாது. சூடு அடிக்கிற கரை நாடுகளும் தீவு நாடுகளும், "புகையைக் குறைப்போம் என்று இந்தத் தடவையாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு வரி கேட்டன. பெரிய புகைக்கார நாடுகள் அந்த ஒரு வரிக்கு மாட்டேன் என்றன. இரண்டு வாரம் பேசினார்கள். பேச்சா அது? நான் வாய் வலிக்க மொழிபெயர்த்தேன், ஒரு அடி நகரவில்லை.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது சபைத் தலைவர் லிண்ட்வால் எழுந்தார். வெள்ளை முடி, மெல்லிய குரல், பார்த்தால் பங்குச்சாமியார் மாதிரி இருப்பார். ஒரு ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, ஏறி, கடிகாரத்தின் பின்னால் இருந்த செல்லைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கஜேந்திரன் என் கூண்டுக்கு வந்தார். சென்னைக்காரர், சபையின் சட்ட ஆலோசகர், எப்போதும் வாயில் ஒரு மிட்டாய் இருக்கும்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? இது பழைய வழக்கம்தான். கெடு முடியப் போகுதுன்னா கடிகாரத்த நிறுத்திருவாங்க. கடிகாரப்படி கெடு இன்னும் முடியல. உட்கார்ந்து பேசி முடிச்சுட்டு அப்புறம் ஓட விடுவாங்க. ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவைதான் நிறுத்தலாம், அது விதி."

"அப்ப இன்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"நாளைக்கு?"

"வெள்ளிக்கிழமைதான்." மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

மறுநாள் லிண்ட்வாலைத் தவிரப் பெரிய மனிதர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கூட்டம் கலையவில்லை என்று காட்ட நாற்காலிக்கு ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாற்காலிக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு, விளையாடிக்கொண்டு, சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தார்கள். "இவங்களுக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் எல்லாம் கிடையாது மேடம், பெரியவங்க மனசு வைக்கணும்" என்றார் கஜேந்திரன். சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மீன். இன்றும் வெள்ளிக்கிழமை, அதனால் இன்றும் மீன். மண்டபத்துப் பூச்சாடிகளில் பூ மாற்றுவது சனிக்கிழமை. சனிக்கிழமைதான் வரவில்லையே! தண்டு அழுகி, தண்ணீர் கொழகொழவென்று பச்சையாகி, அந்த நாற்றமும் மீன் நாற்றமும் கலந்து, தூ! குப்பைக்கூடை எடுக்கிறவனைக் கேட்டால் அவனும் சனிக்கிழமை என்கிறான்.

ஒரே ஒருத்தர் மட்டும் தன் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் தானே உட்கார்ந்திருந்தார். சியோனே என்று ஒரு தீவு நாட்டுக்காரர், மலை மாதிரி உடம்பு. அந்தப் புகை வரியை எழுதியவர் அவர்தான். "அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். எங்கள் தீவில் பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கிறது, இனிமேல் எதற்குப் பயப்பட?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"இங்க கத்திரி வெயிலு மண்டையப் பொளக்குட்டி. ஒன் கொரல இன்னும் காணோமே?"

நான் கடிகாரக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப ஒனக்குத் தெனமும் வெள்ளிக்கிழம, கறி திங்கப்படாது. நல்லா வேணும்! ஏட்டி, பெரிய வெள்ளியே மூணாம் நாளு உயிர்ப்புக்கு எடம் குடுத்துட்டுப் போயிருது. ஒங்க வெள்ளி போகவே மாட்டேங்கே?"

நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. நடுவரும் அந்தக் கடிகாரத்தைத்தானே பார்க்கிறது?

கஜேந்திரனைத் தேடிப் போனேன். மீன் தின்றுகொண்டிருந்தார்.

"சார், நடுவருக்கு இன்னைக்கு என்ன கிழமை?"

முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "வெள்ளி."

"அப்ப சனிக்கிழமை போக வேண்டிய விமானம்?"

"சனிக்கிழமை போகும்."

"எங்க ஊர்ல குடை கரைஞ்சுக்கிட்டு இருக்கு சார்! வெயில் அளவு எல்லாம் அதுக்குப் போகுதா இல்லையா?"

"எல்லாம் போகுது. ஆனா ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு தேதி இருக்கில்ல? அந்தத் தேதி வந்தாதான் நடுவர் அதைப் பிரிச்சுப் பார்க்கும். அதுக்கு ஞாயித்துக்கிழமை இன்னும் பொறக்கவே இல்லையே மேடம்."

"எச்சரிக்கைக் குரல்?"

"அதுவும்தான்."

"இது அவங்களுக்குத் தெரியுமா? பெரியவங்களுக்கு?"

கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்க்கிற மாதிரி. "தெரியாமலா ஊருக்குப் போயிருக்காங்க? அவங்க ஊர்ல இப்ப வசந்தம். குடை கொஞ்சம் மெலிஞ்சா இதமாத்தான் இருக்கும். வெயில் யாருக்கு அடிக்குதோ அவங்கதான் முதல்ல இறங்கி வருவாங்க. அந்த வரியை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. கடிகாரம் சும்மா நிக்கல மேடம், அதுவும் பேச்சுவார்த்தைதான் பண்ணிக்கிட்டு இருக்கு."

அந்தத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. கண்ணாடிக் கூண்டிலேயே இருந்து இருந்து எனக்கும் உடம்பில் கண்ணாடி ஏறிவிட்டது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, அதாவது உங்களுக்குச் செவ்வாய், சபை ஒரு பெரிய மனது பண்ணியது. வெப்பத்தில் பாதிக்கப்பட்டவர்களில் ஒருத்தரைத் திரையில் கூப்பிட்டுப் பேச விடுவது என்று. எங்கள் கரையிலிருந்து உப்பளத் தொழிலாளர் சங்கம் அனுப்பிய ஆள் யார் என்று திரையில் முகம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மிக்கேலம்மாள். தலையில் துண்டு, கன்னத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. என் கூண்டைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ஐயாமாரே, அம்மாமாரே, கும்பிடுதேன்," என்று ஆரம்பித்தாள். நானும் கும்பிட்டேன், இங்கிலீஷில். "நேத்து திங்கக்கெழம எங்க அளத்துல ரெண்டு பேரு பாத்திக்குள்ளேயே விழுந்துட்டாவ. ஒருத்தி சின்னப் பொண்ணு, கலியாணம் ஆகி நாலு மாசம்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியிலயே போயிட்டா. வேலைய நிப்பாட்டுன்னா கங்காணி, 'எச்சரிக்க வரலல்லா, நான் எப்படி நிப்பாட்டுவேன், மொதலாளி என்னய வுடுவானா'ங்கான். அவன் சொல்லுததும் நியாயந்தான், சட்டம் அப்படித்தான இருக்கு? ஒங்களுக்கு நாங்க பாவம்னு தோண வேண்டாம். அந்தக் கடியாரத்தத் தட்டி விட அங்கன ஒரு ஆளு இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். மண்டபத்தில் யாரோ தட்டில் முட்கரண்டியை வைத்த சத்தம் கேட்டது.

லிண்ட்வால் மெல்லிய குரலில் பேசினார். அதையும் நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"உங்கள் சொற்கள் என் மனதை மிகவும் வருத்துகின்றன. ஆனால் நீங்கள் திங்கட்கிழமை நடந்ததாக ஒன்றைச் சொல்கிறீர்கள். இந்தச் சபையில் இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. எதிர்காலத்தைப் பற்றிய யூகங்களை என்னால் பதிவு செய்ய இயலாது. நான் வருந்துகிறேன்."

திரையில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிண்ட்வாலை அல்ல, என்னை. பிறகு மெதுவாக, "ஏட்டி, இத நீயா சொல்லுத?" என்று கேட்டாள்.

விதிப்படி அதையும் நான் மொழிபெயர்த்தேன். திரை அணைந்துவிட்டது.

வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னால் சவரிமுத்து அத்தான் கூப்பிட்டார். அக்காவின் வீட்டுக்காரர், வாயில் வார்த்தையே வராத மனிதர்.

"பெனிட்டா... ஒங்க அக்கா போயிட்டாம்மா."

"எங்க போயிட்டா?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"காலைலயே போவாதன்னேன். 'எச்சரிக்க வரலல்லா, போவாட்டி வேற ஆளப் போட்டுருவான்'னுட்டுப் போனா. வரப்புல உக்காந்திருந்திருக்கா. கையில போனப் புடிச்சிக்கிட்டு. கேட்டதுக்கு, 'என் தங்கச்சி இப்ப கூப்பிட்டுருவா, பைய இருங்க'ன்னாளாம். பொறவு பாத்தா சாஞ்சிட்டா." மூச்சு வாங்கினார். "ஒடம்ப இந்த வெயில்ல வைக்க முடியாது தாயி. நாளைக்கு எடுத்துருவோம். வந்துரப் பாரு."

விடுப்புக் கேட்கக் கஜேந்திரனிடம் போனேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார், மிட்டாயைக்கூடத் துப்பிவிட்டார். பிறகு கையைப் பிசைந்தார்.

"மேடம், எப்படிச் சொல்றது... இறப்புக்குன்னு விடுப்புக் குடுக்கணும்னா இறந்த தேதி வேணும். வியாழக்கிழமைன்னு நான் போட்டா, கடிகாரம் நிக்குதுன்னு சபையே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பதிவுப்படி இன்னைக்கு வெள்ளி. பதிவுப்படி உங்க அக்கா இன்னும்..."

"இன்னும்?"

"உயிரோடதான் இருக்காங்க."

எனக்கு வந்தது அழுகை இல்லை, அருவருப்பு. இந்த மண்டபத்தின் மேல், பூச்சாடித் தண்ணீரின் மேல், இத்தனை நாளாக இவர்கள் சொன்னதையெல்லாம் "நான்" "நான்" என்று சொன்ன என் நாக்கின் மேல்.

சாப்பாட்டு மணி அடித்தது. நாற்காலிக்காரர்கள் மீனுக்குப் போனார்கள். மண்டபத்தில் சியோனே மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லிண்ட்வால் ஏறிய ஏணி திரைச்சீலைக்குப் பின்னால் அப்படியே கிடந்தது, அதை எடுத்து வைப்பதும் சனிக்கிழமை வேலை போலிருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு மாட்டுகிற என் காதுக்கருவியைத் திறந்தேன். அதில் ஒரு செல் இருந்தது. நம் வீட்டுக் கடிகாரத்துக்குப் போடுகிற அதே செல்.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. செல்லைப் போட்டேன். நொடிமுள் ஒரு தடவை நடுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம். இன்னொரு தடவை நிறுத்த விதி இல்லை.

கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் எங்கோ ஒரு மணி அலறியது, அது நடுவரின் ஏற்பாடு. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள், வாயில் மீன், கழுத்தில் கைத்துணி. நாற்காலி உருண்டது. ஒரு பூச்சாடி உடைந்து அந்தப் பச்சைத் தண்ணீர் கம்பளத்தில் ஊறியது. லிண்ட்வாலின் மெல்லிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை, சந்தையில் மாடு விற்கிறவன் மாதிரிக் கத்தினார்: "கையெழுத்து! கையெழுத்துப் போடுங்கள்!"

போட்டார்கள். ஆமாம், அந்த நாற்காலிக்காரர்கள்தான்! அதிகாரமே இல்லை என்றார்களே, அத்தனை பேர் கோட்டுப் பையிலும் பேனா இருந்தது, அத்தனை பேருக்கும் கையெழுத்துப் போட அனுமதி இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. வரிசையில் முட்டி மோதி, எண்ணெய்க் கையோடு, ஒப்பந்தத்தின் மேல் மீன் எண்ணெய் ரேகை விழ விழ, கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டு வாரத்தில் முடியாதது, பிறகு இத்தனை வெள்ளிக்கிழமைகளில் முடியாதது, ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

கடைசியாக சியோனே. ஒப்பந்தம் அவர் முன்னால் கிடந்தது, புகை வரியோடு; அந்த வரி நின்றால் தங்கள் கையெழுத்துச் செல்லாது என்று பெரிய நாடுகளின் ஆட்கள் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். நொடிமுள்ளைப் பார்த்தார். ஏணியின் மேலேயே நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துத் தானே எழுதிய வரியைத் தானே அடித்தார், கையெழுத்துப் போட்டார். ஆறு மணி அடித்தது.

எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் இறங்கி வந்தபோது அவர் அருகில் வந்தார். "இன்னும் ஒரு வாரம் நான் தாங்கியிருப்பேன்," என்றார். "அவர்கள் ஊர்க் கோதுமையும் வாட ஆரம்பித்திருக்கும். அவர்களே இறங்கி வந்திருப்பார்கள்."

"என் அக்காவால் தாங்க முடியவில்லை," என்றேன்.

தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் செய்தது சரியா நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் நெரிக்க வைத்துவிட்டு மீன் தின்றவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

என் மேல் நடவடிக்கை வரும் என்று நினைத்தேன். கஜேந்திரன் வாசல் வரை வந்து வழியனுப்பினார். "உங்கள யாரும் ஒண்ணும் செய்ய முடியாது மேடம். கடிகாரம் நின்னதாவே பதிவுல இல்ல. நிக்காத கடிகாரத்த ஓட விட்டீங்கன்னு எந்தச் சட்டத்துல கேஸ் போடறது?" என்று சிரிக்கப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு, கெடுவுக்குள்ள, ஒருமனதா ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கூட்டம் நடந்த காலத்துல குடை ஒரு நாள்கூட விலகல, ஒரு உயிரும் போகல. இதான் அறிக்கை. நீங்க தமிழ்ல..."

"வேற ஆளப் பாருங்க," என்றேன்.

"தேதியையாவது சரி பண்ணுவீங்களா?" என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "கடிகாரம் ஆறு நாள் பின்னால இருக்கே?"

"எப்படி மேடம்? முள்ளை நகர்த்துனா நின்னுச்சுன்னு ஒத்துக்கிட்டதா ஆயிருமே."

நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் அக்காவை எடுத்துவிட்டார்கள். கல்லறையில் மண் காய்ந்து வெடித்திருந்தது. அதற்கு அடுத்த நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது, கோடை மழை ஒன்று கொட்டியது. அதோடு சூடு விட்டது. ஊரே அப்பாடா என்று மூச்சு விட்டது.

ஏழாம் நாள் புதன்கிழமை. கோவிலில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அளத்துப் பெண்கள் ஒரு பத்துப் பேர், பக்கத்து வீட்டுக்காரர்கள். சவரிமுத்து அத்தான் எல்லாருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியே தூறல், கடல் காற்று ஜில்லென்று வீசியது. மேசையில் அக்காவின் படம், பக்கத்தில் மெழுகுதிரி, அவள் கடைசியாகப் பிடித்திருந்த கைபேசி. அத்தான் அதை அணைக்காமல் வைத்திருந்தார்.

தலைக்கு மேலே விமானங்கள் போகிற இரைச்சல் கேட்டது. ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. ஒரு பெண் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழ பெய்யும்போது எதுக்குக் கொட போடுதாவ?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு நாள் பின்னால் ஓடுகிற அந்தக் கடிகாரத்துக்கு, அக்கா போன வியாழக்கிழமை இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது. எழுந்து போய் அந்தக் கைபேசியை எடுப்பதற்குள் அது அடித்தது. என் குரல்தான். தெளிவான, அன்பான குரல்.

"நான் உங்கள் குடை பேசுகிறேன். இன்று வியாழக்கிழமை. உங்கள் பகுதியில் உயிருக்கு ஆபத்தான வெப்பம். வேலையை உடனே நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். நிழல் வந்துகொண்டிருக்கிறது. நான் உங்களோடு இருக்கிறேன். கேட்டுவிட்டால் ஒன்றை அழுத்துங்கள்."

அளத்துப் பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இடுப்பில் செருகியிருந்த கைபேசிகளும் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன. அவர்கள் அழுத்தி அணைத்தார்கள். அக்காவுடையது மட்டும் நிற்கவில்லை.

"அணைச்சுரட்டுமா அத்தான்?" என்று கேட்டேன்.

காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தான் மேசைக்கு வந்தார். கைபேசியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். விரலை நீட்டினார், அழுத்தவில்லை.

"அவதான அமுக்கணும்," என்றார்.

"நான் உங்கள் குடை பேசுகிறேன்," என்றேன் நான், கைபேசிக்குள் இருந்து, மறுபடியும். "இன்று வியாழக்கிழமை."